பவளும் புஷ்மாஸ்டரும்: ஒரு மெக்கானிக்கின் பதில்

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு 'பவள்' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: தென்னாபிரிக்காவில் வடிவமைக்கப்பட்ட 'பஃபல்' என்ற கவச வாகனத்தை இலங்கை இராணுவம் வாங்கி ஓடியது. எங்கட வாயில் அது பவள் ஆனது. அதன் அடிப்பாகம் ஆங்கில 'வி' எழுத்தைப் போலக் கூராக இருக்கும். கண்ணிவெடி வெடித்தால் அதன் வேகம் நேரே மேலே ஏறாமல் இரு பக்கமும் சிதறிப் போகத்தான் அந்த வடிவம்.

இன்று நான் அவுஸ்திரேலியாவில் இராணுவ வாகனங்கள் திருத்தும் மெக்கானிக். பெண்டிகோ நகரில் தயாராகும் புஷ்மாஸ்டர்தான் அதிகம் கைக்கு வரும். அதன் அடியிலும் அதே 'வி'.

பார்த்தால் லொறி வேலை மாதிரித்தான்: என்ஜின் ஒயில், பிரேக், சஸ்பென்ஷன், டயர். வித்தியாசம் சின்ன விஷயங்களில் இருக்கிறது. ஆசனத்தைப் பிடிக்கும் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தால், கவசம் வெடிப்பைத் தாங்கினாலும் உள்ளே இருப்பவரின் முதுகெலும்பு தாங்காது. உள்ளே மறந்துவிட்ட ஸ்பானர் வெடிப்பின்போது குண்டு போலப் பறக்கும். அதனால் கருவிப் பெட்டியில் ஒன்று குறைந்தாலும் வண்டி வெளியே போகாது. செய்த வேலைக்குக் கையெழுத்தும் வைக்கவேணும்.

கோயில் திருவிழாவில் ஒரு ஐயா கேட்டார்: "தம்பி, ஆமிக்குப் பயந்து ஓடிவந்திட்டு, இங்க ஆமிக்கே வாகனம் திருத்திறியளோ?" நக்கலாகக் கேட்கவில்லை. கேட்கும் உரிமை அவருக்கு இருக்கு.

"இது உயிர் காக்கிற வண்டி" என்று சொல்லி நான் தப்ப விரும்பவில்லை. 2022 இல் உக்ரைனுக்கு அனுப்பிய புஷ்மாஸ்டர்களில் அம்புலன்ஸ்களும் இருந்தன, உண்மைதான். ஆனால் பவளும் உள்ளே இருந்தவனைக் காத்த வண்டிதானே. வெளியே நின்றவர்கள் நாங்கள்.

என்ர பதில் வேறு. 2020 இல் பிரெரெட்டன் அறிக்கை வந்தது. ஆப்கானிஸ்தானில் அவுஸ்திரேலிய விசேட படையினர் 39 பேரைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல் உண்டென்று இந்த நாட்டின் சொந்த விசாரணையே சொன்னது. பாதுகாப்புப் படைத் தளபதி ஆப்கான் மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வழக்குகள் மெதுவாகத்தான் நகர்கின்றன. அது போதுமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன் படையையே விசாரித்து, அதை அச்சடித்து வெளியிடுவது என்பது 2009 இலிருந்து நாங்கள் இலங்கையிடம் கேட்டும் கிடைக்காத ஒன்று. கேள்வி கேட்கக்கூடிய இராணுவம் என்பதால்தான் இந்த வேலையில் இருக்கிறேன். அந்தக் கேள்வி நிற்கிற நாளில் ஸ்பானரைக் கீழே வைக்கவேணும்.

இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் சிலர் இத்தொழிலுக்கு வர விரும்புகிறார்கள். நல்ல தொழில், கைவிடாது. குடியுரிமையும் பாதுகாப்பு அனுமதியும் தேவை. அனுமதிக்குப் பல வருடங்களின் முகவரிகளை ஒன்றுவிடாமல் எழுதவேணும். முகாம் முகாமாக இடம்பெயர்ந்து வந்தவருக்கு அது பெரும்பாடு, உங்களுக்கு இலகு.

ஆனால் விண்ணப்பிக்க முன்னம் அந்த ஐயாவின் கேள்வியை வீட்டில் அப்பா, அம்மாவோட இருந்து கதையுங்கோ. உங்கட பதில் என்ர பதிலாக இருக்கவேண்டியதில்லை. இதுவரை அவர்கள் உங்களுக்குச் சொல்லாத ஏதாவது அப்போது வெளியே வரவும் கூடும்.