கைக்கடிகாரம் சொன்ன விடை

ஆறாம் வகுப்புக் கணக்குத் தாள்களை ஓர் இரவு திருத்திக்கொண்டிருந்தேன். 45 + 15 × 6 என்ற கணக்குக்கு ஒரு மாணவி 135 என்று விடை எழுதியிருந்தாள். களைப்பில், கையில் கட்டியிருந்த கால்குலேட்டர் வாட்சில் எண்களை வரிசையாக அழுத்தினேன். 360 என்று வந்தது. விடையை அடித்துவிட்டேன்.

மறுநாள் தாளோடு வந்தவள், "பெருக்கலைத்தானே சார் முதல்ல செய்யணும்?" என்று கேட்டாள். அவள் சொன்னதுதான் சரி. பிட்மாஸ் விதியை நடத்தியவனும் நான்தான், மறந்தவனும் நான்தான். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் என் தவற்றைச் சொல்லி மதிப்பெண்ணைத் திருத்தினேன்.

பழைய கால்குலேட்டர் வாட்சுகளைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. அவற்றை வகுப்பறைக்கு எடுத்துச் செல்லத் தொடங்கியது அந்த நாளுக்குப் பிறகுதான்.

வாட்ச் ஏன் 360 என்றது? 45, +, 15 என்று அழுத்தியபின் × பொத்தானைத் தொட்டதுமே அது கூட்டலை முடித்து 60 என்று காட்டிவிடுகிறது. பிறகு 60ஐ 6ஆல் பெருக்குகிறது. பின்னால் பெருக்கல் வரும் என்று கூட்டலை நிறுத்திவைக்கும் அமைப்பு இந்த எளிய கருவியில் இல்லை. அறிவியல் கால்குலேட்டரில் அது உண்டு. கருவி பழுதாகவில்லை, எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த வாட்சுகளின் கதையும் மாணவர்களுக்குப் பிடிக்கும். 1975இல் அமெரிக்காவில் பல்சர் நிறுவனம் வெளியிட்ட தங்கக் கால்குலேட்டர் வாட்சின் விலை 3,950 டாலர். எண்கள் சிவப்பு ஒளியில் எரியும்; மின்சாரத்தை மிச்சப்படுத்த, பொத்தானை அழுத்தினால்தான் மணி தெரியும். 1977இல் வந்த ஹெச்பி-01, ஓடும் நேரத்தைக் கட்டணத்தால் பெருக்கித் தொலைபேசிப் பேச்சின் செலவைக் காட்டும். இவற்றின் சிறு பொத்தான்களை அழுத்த ஒரு குச்சி தேவைப்பட்டது. 1980இல் கேசியோவின் சி-80 பிளாஸ்டிக் உடலோடும், விரலாலேயே அழுத்தும் பொத்தான்களோடும் வந்தது. மின்சாரம் குறைவாகச் செலவாகும் எல்சிடி திரை என்பதால் மணி எப்போதும் தெரிந்தது.

பழைய வாட்ச் ஒன்றை வாங்கும்போது முதலில் 88888888 என்று அழுத்திப் பார்ப்பேன். ஒவ்வோர் இலக்கமும் ஏழு கோடுகளால் ஆனது. 8க்கு மட்டும் ஏழும் வேண்டும். நடுக்கோடு தெரியாவிட்டால் 8 என்பது 0 ஆகிவிடும். திரைக்கும் மின்சுற்றுக்கும் இடையிலுள்ள ரப்பர் பட்டையில் அழுக்குப் படிந்தாலும் கோடுகள் மறையும். பயன்படுத்தாத வாட்சில் பேட்டரியை விட்டுவைக்கக் கூடாது. அது கசிந்தால் உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் அரிக்கப்படும்.

இவற்றை வைத்து நான் செய்யும் மூன்று செயல்பாடுகள்:

1. தொடக்க வகுப்பில் ஏழு ஐஸ் குச்சிகளால் 8 அமைக்கச் சொல்வேன். ஒரே ஒரு குச்சியை எடுத்தால் எந்தெந்த இலக்கங்கள் கிடைக்கும்? 0, 6, 9 என்று குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள்.

2. ஆறாம் வகுப்பில் 45 + 15 × 6ஐ வாட்சில் போட்டு 135 வரவைக்கச் சொல்வேன். 15 × 6ஐ முதலில் அழுத்திப் பிறகு 45ஐக் கூட்ட வேண்டும் என்று கண்டுகொள்ளும்போது விதியின் தேவை புரிந்துவிடும்.

3. எட்டாம் வகுப்பில் 1 ÷ 3 × 3. என்னிடமுள்ள வாட்ச் 0.9999999 என்கிறது. விடை ஏன் 1 ஆகவில்லை? எட்டு இலக்கத் திரையில் முடிவுறாத் தசமம் எங்கே வெட்டுப்படுகிறது என்று பேச்சு தானாகவே தொடங்கும்.

வாட்ச் இல்லாத பள்ளிகளில் கடைகளில் கிடைக்கும் சாதாரண கால்குலேட்டர் போதும். செய்வதற்கு முன் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்கிறேன்: விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மாணவர்கள் முதலில் நோட்டில் எழுத வேண்டும். அதன்பிறகே பொத்தானைத் தொடலாம். அன்று இரவு நானும் அப்படிச் செய்திருந்தால், அந்த மாணவியின் சரியான விடையை அடித்திருக்க மாட்டேன்.