வாத்துக்கும் மாட்டுக்கும் ஒரே புல்

விடிவதற்குள் ஐலா தீவின் குருனார்ட் கடற்கழிக்குப் போய்விட வேண்டும். இரவெல்லாம் சேற்றுத்திட்டில் அடைந்திருந்த பார்னக்கிள் வாத்துகள், வெளிச்சம் வந்ததும் கூட்டங்கூட்டமாகக் கிளம்பும். வெள்ளை முகம், கறுத்த கழுத்து, சாம்பல் முதுகு. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கத்தும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது.

ஸ்காட்லாந்தின் மேற்கே, உள் ஹெப்ரிடீஸ் தீவுகளின் தென்கோடியில் இருக்கிறது ஐலா. கிழக்குக் கிரீன்லாந்தில் குஞ்சு பொரிக்கும் இந்த வாத்துகள், ஐஸ்லாந்தில் இறங்கி இரையெடுத்துவிட்டு அக்டோபரில் இங்கே வருகின்றன. ஏப்ரல் வரை இங்கேதான் வாசம். அவை கூடு கட்டுவது செங்குத்துப் பாறைகளில். பறக்கத் தெரியாத குஞ்சுகள் பிறந்த சில நாளிலேயே அங்கிருந்து கீழே குதித்தாக வேண்டும். அதில் பிழைத்தவைதான் இங்கே பெற்றோருடன் மேய்கின்றன.

மேய்வது எங்கே? பார்லி அறுத்த வயலில், மாட்டுக்கென்று வளர்த்த புல்லில். வசந்தத்தில் கால்நடைக்குப் புல் மிஞ்சுவதில்லை. அரசு இழப்பீடு தருகிறது. வாத்துகளின் எண்ணிக்கையைக் குறைக்க 2014-இல் ஒரு திட்டமும் வகுத்தது. உரிமம் பெற்றுச் சுடுகிறார்கள். இதே வயல்களில் மேயும் கிரீன்லாந்து வெண்நெற்றி வாத்து குறைந்துகொண்டே வரும் இனம். வெடிச்சத்தம் அதையும் விரட்டுகிறது. எனக்கு அது வலிக்கிறது. ஆனாலும் விவசாயியின் வருத்தத்தை ஒதுக்கித்தள்ள முடியாது.

காரணம், மதியம் ஆர்ட்னேவ் மணல்மேட்டில் தெரியும். சிவந்த அலகும் சிவந்த காலும் கொண்ட சஃப் என்கிற காக்கையினம் அங்கே திரிகிறது. ஸ்காட்லாந்தில் ஐலாவையும் கொலன்சே தீவையும் விட்டால் அதற்கு வேறு போக்கிடமில்லை. காய்ந்த சாணி ஒன்றை வளைந்த அலகால் நெம்பிப் புரட்டுகிறது. அடியில் நெளியும் வண்டுப் புழுவைக் கொத்தி எடுக்கிறது. அடுத்த சாணிக்குத் தாவுகிறது. வெட்டவெளியில் மாடு மேயாவிட்டால் சாணி இல்லை, புழு இல்லை, இந்தப் பறவையும் இல்லை. மாட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்துகூடச் சாணி வழியே அந்தப் புழுக்களைக் கொன்றுவிடும்.

மாலையில் இந்தால் கடற்கழியில் நீர்நாய் ஒன்று பாசிக்குள் மூழ்கி எழுந்தது. வயல் ஓரமாகப் பூனைப்பருந்து தாழப் பறந்து போனது.

குருனார்ட் சரணாலயத்தை நடத்தும் ஆர்.எஸ்.பி.பி. பறவைகள் பாதுகாப்புச் சங்கம், அதை வேலியடைத்துக் காடாக்கிவிடவில்லை. மாடு வளர்க்கும் பண்ணையாகவே நடத்துகிறது.