மாலைப் பொழுது யாருக்குச் சொந்தம்?

கடையநல்லூரில் கடல் கடந்த உறவு இல்லாத தெருவைக் காண்பது அரிது. அன்று சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் போனார்கள். இன்று வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். தறி ஓடிய ஊர், வயல் விளைந்த ஊர், எனினும் பிழைப்புக்காகப் பிள்ளைகளைக் கப்பலேற்றிய ஊர். அத்தகைய ஊரிலே கைப்பேசியைப் பழித்துப் பேசினால் யார் கேட்பார்? துபாயில் உழைக்கும் தந்தையின் முகத்தை இங்குள்ள குழந்தை கண்ணாரக் காண வைத்த கருவியன்றோ அது! அதை நாம் பழிக்க வரவில்லை. விஞ்ஞானத்தை வெறுப்பது நமது வழக்கமுமல்ல.

நாம் கேட்பது வேறு கேள்வி. தந்தையோடு பேசிய பத்து நிமிடம் முடிந்த பிறகும் அந்தக் கருவி ஏன் கையை விட்டு இறங்குவதில்லை? முகநூல் என்றும், இன்ஸ்டாகிராம் என்றும், வாட்ஸ்அப் குழு என்றும் விரல் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அது யாருக்காக ஓடுகிறது? உழைப்பு நம்முடையது, ஊதியம் யாருக்கு?

அச்சமே முதலீடு

எல்லோருக்கும் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போய்விடுமோ, எல்லோரும் கூடும் இடத்தில் நாம் மட்டும் இல்லாமல் போவோமோ என்ற அச்சம் மனிதனுக்குப் புதிதன்று. கூட்டமாக வாழும் இனத்துக்கு அது இயல்பு. 2004இல் அமெரிக்காவில் பாட்ரிக் மெக்கின்னிஸ் என்ற மாணவர் இதற்கு 'ஃபோமோ' எனப் பெயரிட்டார். அதே ஆண்டில்தான் முகநூலும் பிறந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தது தற்செயல். ஆனால் அந்த அச்சமே வணிகத்துக்கு முதலீடாகிப் போனது தற்செயலன்று.

ஏட்டுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. பொதுக்கூட்டத்துக்கு நன்றியுரை உண்டு. திரைப்படத்துக்கு 'வணக்கம்' உண்டு. 2006இல் ஆசா ராஸ்கின் என்பவர், முடிவே இல்லாமல் கீழே கீழே ஓடும் பக்கத்தை வடிவமைத்தார். பின்னாளில் அவரே அதற்காக வருந்திப் பேசினார். முகநூலின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மனித மனத்தின் பலவீனம் ஒன்றைத் தெரிந்தே பயன்படுத்தியதாக 2017இல் ஒப்புக்கொண்டார். முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் கையில் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்தின் வருவாய் 2024ஆம் ஆண்டில் 16,400 கோடி டாலருக்கு மேல். அதில் மிகப் பெரும்பகுதி விளம்பரப் பணம். விளம்பரக்காரனுக்கு அங்கே விற்கப்படும் சரக்கு எது? நம்முடைய பார்வை; நம்முடைய மாலைப் பொழுது!

அந்த மாலைப் பொழுது யாரும் இனாமாகத் தந்ததன்று. எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்கமாட்டோம் என்று 1886 மே மாதத்தில் சிகாகோ தொழிலாளர் திரண்டனர், உயிரும் கொடுத்தனர். 1923 மே முதல் நாளன்று இந்தியாவிலேயே முதன்முதலாக மே தின விழாவைச் சென்னைக் கடற்கரையில் எடுத்துக் காட்டினார் சிங்காரவேலர். உழைப்பாளிக்கும் ஓய்வு வேண்டும், படிப்பு வேண்டும், பிள்ளை குட்டிகளோடு சிரிக்க நேரம் வேண்டும் என்பதற்கே அந்தப் போராட்டம். முதலாளியிடமிருந்து மீட்ட அந்த நேரத்தை, முகம் தெரியாத இன்னொரு முதலாளியிடம் நாமே கொண்டுபோய்க் கொட்டுகிறோம். கூலிகூட இல்லை!

அறிவது வேறு, முந்துவது வேறு

"விலகி நின்றால் நாட்டு நடப்பு தெரியாமல் போகுமே?" என்பர் சிலர். நியாயமான கேள்வி. 2018இல் அமெரிக்காவில் பொருளியல் அறிஞர்கள் சிலர் சோதித்துப் பார்த்தனர். நான்கு வாரங்கள் முகநூலை விட்டு விலகியிருக்கச் சிலருக்குப் பணமும் கொடுத்தனர். விலகியோருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழித்த நேரம் கூடிற்று. மனநிறைவும் சிறிதளவு உயர்ந்தது. அதே வேளையில் அன்றாடச் செய்தியறிவு குறைந்தது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. ஆயினும் கட்சிக்குக் கட்சி கொண்டிருந்த வெறுப்பும் சற்றே தணிந்தது என்பதையும் அவர்கள் கண்டனர். தவணை முடிந்து திரும்பியோர் பலர், முன்போல் அதிலே மூழ்கவில்லை.

செய்தி குறைந்தால் ஏடு படித்து ஈடு செய்யலாம். அவசரத்தில் பரவிய பொய்யை எதைக் கொண்டு ஈடு செய்வது? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்து வழி கேட்ட மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றது ஒரு கும்பல். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியே அதற்கு விதை. அந்த ஒரு செய்தியை அந்த ஊரார் தவறவிட்டிருந்தால், ஓர் உயிர் தப்பியிருக்கும்!

கடிதம் வளர்த்த பள்ளி

உடனுக்குடன் அறியாவிட்டால் உறவு அறுந்துபோகும் என்பதும் உண்மையன்று. அதற்குக் கடையநல்லூரே சாட்சி. இவ்வூரிலிருந்து சிங்கப்பூர் சென்று தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்தோர், 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைக் கண்டனர். போர் ஓய்ந்தபின், 1946இல், உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியை எழுப்பினர். 1982இல் அது மூடப்பட்டாலும், அந்தப் பெயர் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமாக இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது. கடிதம் வந்து சேரக் காத்துக் கிடந்த காலம் அது. ஊரில் நடந்த எத்தனையோ நல்லது கெட்டதை அவர்கள் தவறவிட்டார்கள். அந்தப் பிரிவின் துன்பம் மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார். எனினும் தமிழை அவர்கள் தவறவிடவில்லை. அந்தி நேரம் அவர்கள் கையில் இருந்தது. கூடிப் பேசினார்கள், கூடிக் கட்டினார்கள்.

வட்காவ் காட்டும் வழி

மராட்டிய மாநிலம் சாங்கிலி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு சிற்றூர். 2022 ஆகஸ்டு 15 முதல், மாலை 7 மணிக்கு அங்கே சங்கு ஊதுகிறது. ஊரே தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து வைக்கிறது. பிள்ளைகள் புத்தகம் எடுக்கின்றனர். பெரியவர்கள் படிக்கின்றனர், பேசுகின்றனர். 8.30க்கு மறுபடி சங்கு. ஊர் கூடி எடுத்த முடிவு அது. ஊதுவது கோயிலிலிருந்து என்பதற்காக நாம் முகம் சுளிக்கப் போவதில்லை, அழைப்பது அறிவுக்குத்தானே!

தனியொருவர் விலகினால் தனிமை. தெருவே விலகினால் திருவிழா. இதுதான் வட்காவ் கற்றுத்தரும் பாடம். ஊரே அணைத்து வைத்த பிறகு, தவறவிட அங்கே என்ன இருக்கிறது? அச்சம் போகிறது, அந்த இடத்தில் மகிழ்ச்சி வந்து உட்காருகிறது.

கடையநல்லூருக்கு இது பொருந்துமா? கணக்கைப் பாருங்கள். இங்கே 8.30 என்றால் துபாயில் மாலை 7 மணி. உழைத்துக் களைத்தவர் அறைக்குத் திரும்பி, வீட்டை அழைக்கும் வேளை. அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தை ஊர் தனக்கென வைத்துக்கொண்டால், எந்தத் தந்தையின் குரலும் தவறிப்போகாது. இடையில் அவசர அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுவதை எவரும் தடுக்கப்போவதுமில்லை. மாறாக, அன்று படித்ததைத் தந்தையிடம் சொல்லப் பிள்ளைக்குச் செய்தி இருக்கும்!

இயக்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். ஒருவர் ஏடு படிக்கப் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்ட முடிதிருத்தகங்களிலும், தேநீர்க் கடைகளிலும், படிப்பகங்களிலும் வளர்ந்தது நம் இயக்கம். வந்ததை அப்படியே நூறு பேருக்குத் தள்ளிவிடுவது பிரசாரமாகாது. படித்து, சிந்தித்து, எதிரில் இருப்பவரின் ஐயத்துக்கு விடை சொல்வதே பிரசாரம். பூட்டிக் கிடக்கும் படிப்பகம் உங்கள் தெருவில் இருந்தால், நாளை மாலை 7 மணிக்குத் திறந்து வையுங்கள். விளக்கேற்றி, நான்கு ஏடுகளைப் பரப்பி வையுங்கள். கைப்பேசிகள் வாசலோரப் பலகையில் ஒன்றரை மணி நேரம் உறங்கட்டும்.