ஏழுக்கு நான்கு

அயலவர் இருவர் தமக்குள் நெடுநாள் நிலவிய பிணக்கொன்றைத் தீர்த்துக்கொண்டு கை கோத்தால் ஊரார் மகிழ்வது இயல்பு. பிணக்கு எல்லை வேலியைப் பற்றியதாயினும் பங்குக் கிணற்றைப் பற்றியதாயினும் அத்துடன் கதை முடிந்துவிடும். ஆனால், பங்கிடப்படும் பொருள் மனிதராகவே இருந்தால் என் செய்வது? இந்தப் பக்கம் தகப்பனும் அந்தப் பக்கம் மகனுமாகப் பிரித்துக்கொண்டு, 'எமது நட்பு வாழ்க' என்று இருவரும் கூறுவாராயின், அந்த நட்பை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது?

இக்கேள்வி கற்பனையில் எழுந்ததன்று. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி, புதுடில்லியில், இலங்கைப் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றினர். இலங்கையில் எந்நாட்டுப் பிரஜையும் அல்லாதவராய் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்களின் தொகை அன்று 975,000 என மதிப்பிடப்பட்டது. அவர்களுள் 525,000 பேரை இயற்கைப் பெருக்கத்துடன் இந்தியா ஏற்றுக்கொள்ளும். 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம். யாவும் 15 ஆண்டுகளில் நிறைவேற வேண்டும். எழுவர் அங்கே போனால் நால்வர் இங்கே இருக்கலாம் என்பதே இவ்வேற்பாட்டின் சாரம்.

அயல்நாடுகள் இரண்டு ஆயுதம் எடுக்காமல், அந்நியர் எவரையும் நடுவராக அழைக்காமல், பேசித் தீர்த்த விவகாரம் என்பதால் இதனை இராஜதந்திரத்தின் வெற்றி எனப் பாராட்டியோர் உண்டு. அப்பாராட்டில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும், அந்த வெற்றியின் விலையைக் கொடுத்தவர் யாவர் என்பதை இன்று நிதானமாக எண்ணிப் பார்த்தல் தகும்.

முடிச்சு விழுந்த விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கோப்பித் தோட்டங்களுக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இம்மக்கள். நாடு சுதந்திரமடைந்த 1948 ஆம் ஆண்டிலேயே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, நவம்பர் 15 ஆந் திகதி அமுலுக்கு வந்தது. வம்சாவளியால் பிரஜாவுரிமை கோருவோர் தந்தையோ முன்னோரோ இந்நாட்டிற் பிறந்தமையை நிரூபிக்க வேண்டியவராயினர். லயத்துக் காம்பராவிலே பிறந்து, பதிவேதுமின்றி வளர்ந்தவன் பாட்டன் பிறந்த இடத்துக்குச் சான்றை எங்கே தேடுவான்? 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. 1952 இல் ஒன்றேனும் கிட்டவில்லை. தலவாக்கொல்லைத் தொகுதியின் உறுப்பினராக முதற் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை பாடியது இம்மக்களின் வாழ்வையே. அவர்கள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவராயினர்.

அதே 1949 இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் என்றொரு வாயில் திறக்கப்பட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் முன் நின்றனர். உள்ளே அனுமதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே. ஏனையோர் இந்தியர் என்றது இலங்கை. தாமாகக் கேட்டுப் பெறாத ஒருவர் இந்தியப் பிரஜையாகார் என்றது இந்தியா. 1954 ஜனவரியில் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் செய்துகொண்ட ஒப்பந்தமும் இம்முடிச்சை அவிழ்க்கவில்லை. இரண்டு வீட்டுக் கதவுகளும் சாத்தப்பட்டிருக்க, நடுத்தெருவில் நின்றவனுக்கு 'நாடற்றவன்' என்ற பெயர் நிலைத்தது.

பண்டுங்கிற் பேசியவை

இதே காலத்தில் இந்நாடுகள் உலக அரங்கிலே உயர்ந்த கொள்கைகளைப் பேசிக்கொண்டிருந்தன என்பதை மறத்தலாகாது. 1954 ஏப்ரல் இறுதியில் பர்மா, இலங்கை, இந்தியா, இந்தோனேசியா, பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கொழும்பிலே கூடினர். அக்கூட்டத்தில் அரும்பிய எண்ணமே மறு ஆண்டு ஏப்ரலில் பண்டுங் மகாநாடாக மலர்ந்தது. 29 நாடுகள் பங்குபற்றிய அம்மகாநாடு பத்துக் கோட்பாடுகளைப் பிரகடனஞ் செய்தது. அவற்றுள் முதலாவது, அடிப்படை மனித உரிமைகளையும் ஐக்கிய நாடுகள் சாசனத்தையும் மதித்தல் என்பதாகும். ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் பிரஜையாயிருக்கும் உரிமை உண்டென 1948 டிசம்பர் 10 ஆந் திகதி வெளியான உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 15 ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்து ஒரு மாதம் நிறைவதற்கு முன்னரே இப்பிரகடனம் பிறந்தது.

பண்டுங்கில் ஏகாதிபத்தியத்தைக் கண்டித்த குரல்கள் போலியானவை என்று கூறுதல் நியாயமன்று. வெள்ளையன் வரைந்த கோடுகளால் அல்லலுற்ற நாடுகள் அவை. ஆனால், வல்லரசுகளின் முன் தமக்குச் சமத்துவம் கோரிய அந்நாடுகள், தம் எல்லைக்குள் வாழ்ந்த எளியவனுக்கு அதனை வழங்கத் தயங்கின. உரிமை என்ற சொல் அரசின் உரிமையாகவே விளங்கிக்கொள்ளப்பட்டது. மனிதனின் உரிமை அதன் பின்னே மறைந்து நின்றது.

வெற்றாய் இருந்த ஆசனம்

இரு அரசுகளுக்கும் தத்தம் நியாயங்கள் இருந்தன. காணி குறைந்த கண்டிக் கிராமத்து விவசாயியின் அச்சத்தை இலங்கை அரசு சுட்டிக் காட்டியது. இந்தியாவோ 1962 ஆம் ஆண்டுச் சீன யுத்தத்தின் பின்னர் அயலிலே நண்பர்களை நாடி நின்றது. அந்த யுத்தத்தை அடுத்து, அணிசேரா நாடுகள் ஆறினைக் கொழும்பிலே கூட்டிச் சமரசம் தேட முயன்றவர் திருமதி பண்டாரநாயக்காவே. 1964 மே மாதத்தில் நேரு மறைந்தார். பதவியேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த சாஸ்திரி, அண்டை நாட்டுடன் நல்லுறவை நிலைநாட்ட விரும்பினார். இவை யாவும் விளங்கக் கூடியனவே.

விளங்காதது ஒன்றுண்டு. டில்லியிலே பேச்சுவார்த்தை நடைபெற்ற மேசையில், பேசப்பட்ட 975,000 பேரின் சார்பில் ஒருவரேனும் அமரவில்லை. எவர் போக விரும்புகின்றார், எவர் இருக்க விரும்புகின்றார் என்பதை அறியுமுன்னரே தொகைகள் எழுதப்பட்டுவிட்டன. தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் பார்த்த பின்னரே பதியும் வழக்கமுடைய மலைநாட்டிலே, மனிதரை மட்டும் முதலிற் பதிந்துவிட்டுப் பின்னர் நிறுக்க முற்பட்டனர்.

விளைவை விரைவிற் கண்டனர். விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இலங்கையில் இருக்க விரும்பியோர் ஒப்பந்தம் இடமளித்த தொகையை வெகுவாக விஞ்சினர். இந்தியா செல்ல விரும்பியோர் குறைந்தனர். 1974 ஜனவரியில் திருமதி பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் எஞ்சிய 150,000 பேரைச் சரிபாதியாகப் பங்கிட்டபோது இந்தியாவின் பங்கு 600,000 ஆகியது. ஆயினும், இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 506,000 பேரே. மீதி 94,000 பேர் ஒப்பந்தத்தின் கணக்கில் இந்தியாவின் பங்கு. தம் நெஞ்சின் கணக்கில் இலங்கையர்.

போனவர்களின் கதை வேறு. தலைமன்னாரில் கப்பலேறுவதற்காக மலைநாட்டிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. இழவு வீட்டிலே எழும் ஓலம் புகையிரத நிலையத்திலே எழுந்தது. வழியனுப்ப வந்தோரும் பயணஞ் செய்வோரும் ஒரே வீட்டார். ஒருவரின் பெயர் ஏழிலே விழுந்தது, மற்றவரின் பெயர் நான்கிலே விழுந்தது. கடல் கடந்தவர்களிற் பலர் மண்டபம் முகாமைத் தாண்டி நீலகிரி மலையிலே தமிழ்நாட்டு அரசு இவர்களுக்கென அமைத்த தேயிலைத் தோட்டங்களை அடைந்தனர். பாட்டன் விட்டு வந்த தேசத்துக்குப் பேரன் 'திரும்பினான்' என்று அரச ஏடுகள் எழுதின. தான் ஒருபோதும் பார்த்திராத இடத்துக்கு ஒருவன் எவ்வாறு திரும்ப முடியும்? 1984 இல் இராமேஸ்வரத்துக்கான கப்பற் சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போக வழியின்றி இங்கேயே தங்கிவிட்டவர் பல்லாயிரவர்.

கேட்டுச் செய்த ஓர் ஏற்பாடு

இதற்கு மாற்று இருந்ததா என்று ஒருவர் வினவலாம். இருந்தது என்பதற்கு நமது பிராந்தியத்திலேயே சான்றுண்டு. இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் இடையிலான எல்லையில், ஒரு நாட்டின் நிலத்துண்டுகள் மற்ற நாட்டின் நடுவே தீவுகள் போலச் சிதறிக் கிடந்தன. வங்காளதேசத்தினுள் இந்தியாவுக்கு 111, இந்தியாவினுள் வங்காளதேசத்துக்கு 51 என மொத்தம் 162 துண்டுகள். அங்கு வாழ்ந்த ஐம்பதினாயிரம் மக்களுக்குத் தம் அரசின் பாடசாலையுமில்லை, வைத்தியசாலையுமில்லை; பெயரளவில் ஒரு நாடு உண்டு, பயனளவில் அவர்களும் நாடற்றவரே.

1974 மே மாதத்தில் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் இதற்கோர் ஒப்பந்தம் செய்தனர். அது நடைமுறைக்கு வர 41 ஆண்டுகள் சென்றன. அத்தாமதம் பெருங் குற்றமே. எனினும், 2015 ஜூலை 31 ஆந் திகதி நள்ளிரவில் நிலங்கள் கைமாறியபோது, ஒவ்வொருவரிடமும் எந்நாட்டுப் பிரஜையாக விரும்புகின்றீர் என்று கேட்டிருந்தனர். பெரும்பான்மையோர் தாம் வாழ்ந்த மண்ணிலேயே தங்கினர். வங்காளதேசத்திலிருந்து இந்தியாவுக்குச் சென்றவர் ஆயிரம் பேரளவினர். இந்தியாவிலிருந்து வங்காளதேசத்துக்குச் சென்றவர் எவருமில்லை. தொகையை முன்கூட்டி விதித்திருந்தால் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் வேரோடு பிடுங்கப்பட்டிருக்கும்! கேள்வி ஒன்றைக் கேட்டமையால் அவ்வளவு கண்ணீரும் தவிர்ந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் உள்ள வேற்றுமை இதுதான். ஒன்றில் அரசுகள் தொகையைத் தீர்மானித்து மனிதரை அதற்குள் அடக்க முயன்றன. மற்றதில் மனிதர் தீர்மானித்தனர். தொகை தானாக அமைந்தது.

முடிச்சு அவிழ்ந்தமை

நமது முடிச்சும் ஈற்றில் அவ்வழியாகவே அவிழ்ந்தது. 1986 இல் அந்த 94,000 பேரையும் தன் பிரஜைகளாக ஏற்க இலங்கை உடன்பட்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் மேலும் சென்றது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜாவுரிமைக்கு உரியர் என அது விதித்தது. பங்கீடு செய்யப்பட்ட அதே திகதி, இருந்தவர்க்கெல்லாம் இருக்கும் உரிமையை அளிக்கும் திகதியாக மாறியது. விகிதம் எதுவும் அச்சட்டத்தில் இல்லை. 'நீ இங்கே வாழ்ந்தாய், ஆகவே நீ இந்நாட்டவன்' என்பதே அதன் தருக்கம். அவ்வுண்மையை 1948 இலேயே ஏற்றிருந்தால் 55 ஆண்டுகளின் துயரம் வேண்டியிருந்திராது. இதனால் எல்லார் குறையும் தீர்ந்துவிட்டதென்பதும் இல்லை. வாக்குரிமை பெற்றவர்க்குக் காணியுரிமையும் வீட்டுரிமையும் இன்னும் போராட்டத்துக்குரிய பொருள்களாகவே உள்ளன.

பிராந்திய ஒத்துழைப்பை நாடி 1985 டிசம்பரில் டாக்காவிலே ஏழு நாடுகள் சார்க் அமைப்பை நிறுவின. அதன் சாசனத்தின் பத்தாம் உறுப்புரை, இரு நாடுகளுக்கிடையிலான விவகாரங்களும் சர்ச்சைக்குரிய விடயங்களும் கலந்துரையாடலுக்கு அப்பாற்பட்டவை என விதிக்கின்றது. சண்டையின்றிக் கூடியிருப்பதற்கு அது உதவும் என எண்ணினர் போலும். ஆனால், எல்லைகளுக்கு இடையே அகப்பட்டவனின் துயரம் என்றுமே இரு நாட்டு விவகாரம், என்றுமே சர்ச்சைக்குரியது. அவனைப் பற்றிப் பேசாமலிருக்கும் ஒத்துழைப்பு யாருக்காக? சர்ச்சையை ஒதுக்கியும் நட்பு வளர்ந்ததா எனின் அதுவுமில்லை. 2014 இல் காத்மண்டுவிலே தலைவர்கள் கூடினர். 2016 இல் இஸ்லாமாபாத்தில் நடைபெறவிருந்த மகாநாடோ நடைபெறாமலே போயிற்று.

நமது பாடசாலைகளிலே இவ்வொப்பந்தத்தை ஆண்டும் பெயரும் தொகையுமாக மாணவர் மனனஞ் செய்கின்றனர். அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் மேலும் ஒரு வினாவை எழுப்புதல் நன்று: இவ்வொப்பந்தத்தில் எவருடைய கையொப்பம் இல்லை? விடை காணும் மாணவன், அயலவர் நட்பை அளப்பதற்குரிய கோலையும் கண்டுகொள்வான்.