ஒன்றையொன்று விலக்குபவை

பகடையை உருட்டினால் விழக்கூடியவை ஆறு. இந்த முழுப் பட்டியலுக்குத்தான் கணிதத்தில் 'கூறுவெளி' என்று பெயர். இரட்டை எண் விழுவது ஒரு நிகழ்ச்சி, 5 விழுவது இன்னொன்று. ஒன்று விழுந்தால் மற்றதற்கு வழியில்லை. இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். நிகழ்தகவுகளை அப்படியே கூட்டிக்கொள்ளலாம்: 3/6 + 1/6 = 4/6.

'இரட்டை எண்', '3ஐ விடப் பெரிய எண்' இரண்டையும் இதேபோலக் கூட்டினால் 6/6 வரும். எப்படி உருட்டினாலும் ஜெயம்! ஆனா 1ம் 3ம் பகடையில இருக்கத்தானே செய்யுது? 4, 6 இரண்டையும் இருமுறை எண்ணிவிட்டோம். பொதுவான 2/6ஐக் கழித்தால் சரியான விடை 4/6.

ஆக, எது எதை விலக்குகிறது என்பதைக் கூட்டுவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். பகடையில் இதைப் பகடையே தீர்மானிக்கிறது. மனிதர்களை எண்ணும்போது?

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர் அனைவருக்கும், 1990இல் பௌத்தர்களுக்கும் அது விரிந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் விரியவில்லை. எனவே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'பட்டியல் சாதி', 'கிறிஸ்தவர்' இரண்டும் ஒன்றையொன்று விலக்கும் கட்டங்கள். இரண்டுக்கும் பொதுவானவர்: பூஜ்யம்.

ஊரில் அப்படியா இருக்கு? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவரும் சேரியில்தான் குடியிருக்கிறார். திருச்சி மேலப்புதூரில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச்சுவர் எழுந்தது. இரண்டுமாக இருப்பவரைச் சுவர் கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது, அட்டவணைக்குத் தெரியவில்லை.

அந்தப் பூஜ்யத்தை யாரும் எண்ணிக் கண்டுபிடிக்கவில்லை. எண்ணத் தொடங்கும் முன்பே அது எழுதப்பட்டுவிட்டது.