ரைன் நதிக்குத் திரும்பிய பூச்சிகள்

1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைக்க அடித்த தண்ணீரோடு பூச்சிக்கொல்லி டன் கணக்கில் ரைன் நதியில் கலந்தது. சாயம் கரைந்து ஆறு சிவந்தது. செத்து மிதந்த விலாங்கு மீன்களைப் பத்திரிகைகள் படம் பிடித்தன. ஆற்றடியில் மடிந்த பூச்சிகளை யார் படம் பிடிப்பது?

உண்மையில், பல பூச்சிகள் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டன. எபோரான் விர்கோ என்ற மேஃபிளை அவற்றில் ஒன்று. மழைக்குப் பின் நம்மூர் விளக்குகளை மொய்க்கும் ஈசல்போல, கோடை மாலைகளில் வெள்ளை வெளேரென்று கிளம்பும். சிறகு முளைத்தபின் ஆயுள் சில மணி நேரம்தான், இரைகூட எடுப்பதில்லை. அதற்கு முந்தைய வாழ்க்கை முழுவதும் ஆற்றடியில். களிமண்ணில் வளை தோண்டி, செவுள்களை ஓயாமல் அசைத்துத் தண்ணீரை உள்ளே இழுக்கும். மூச்சும் உணவும் அந்த நீரிலிருந்தே. ஆறு எதைச் சுமந்து வந்தாலும் அதன் உடலைத் தொட்டே போகும்.

சாக்கடை கலந்தால், கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரின் ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. மேஃபிளை மூச்சுமுட்டிச் சாகிறது. கைரோனோமிட் ஈக்களின் சிவப்புப் புழுக்களோ செழிக்கின்றன. ஹீமோகுளோபின் இருப்பதால் கொஞ்ச ஆக்சிஜனே அவற்றுக்குப் போதும். வண்ணமீன் கடைகளில் இரையாக விற்கும் புழுக்கள் இவைதாம்.

பிரிட்டனில் இதை வைத்தே ஆற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். மாசு தாங்காத பூச்சிக் குடும்பத்துக்கு 10, கைரோனோமிட்டுக்கு 2. ஆய்வகக் குப்பியைவிட இது ஒருவகையில் கெட்டிக்காரத்தனம். இரவில் திறந்துவிட்ட நஞ்சு காலையில் எடுத்த தண்ணீரில் இருக்காது. பூச்சிகள் இல்லாத ஆற்றடி காட்டிக்கொடுத்துவிடும்.

தீவிபத்துக்கு மறு ஆண்டே ரைன் கரை நாடுகள் கூட்டுச் செயல்திட்டம் வகுத்தன. அதற்கு முன்பே தொடங்கியிருந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேகமெடுத்தது. சுமார் அரை நூற்றாண்டாகக் காணாமல் போயிருந்த எபோரான், 1991இல் நெதர்லாந்தில் மீண்டும் தென்பட்டது.

அதைவிடப் பெரிய பாலிங்கேனியா மேஃபிளை அப்படித் தானாகத் திரும்பவில்லை. ஹங்கேரியின் டிசா ஆற்றில் இன்றும் அது கூட்டங்கூட்டமாய்ப் பறக்கிறது. அதன் இளம்புழுக்களுக்குக் களிமண் கரை வேண்டும். ரைனின் கரைகளில் பெரும்பகுதியைக் கப்பல் போக்குவரத்துக்காகக் கல் பாவி இறுக்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு, 1992இல் ரைனை டான்யூப் நதியோடு இணைக்கும் கால்வாய் திறந்ததும் அவ்வழியே வந்த கொலைகார இறால் ஒன்று, எஞ்சிய பூச்சிகளையும் வேட்டையாடத் தொடங்கியது.