மண்ணுக்குள் கரையான், பாறை மேல் பாசி

இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மே மாதத்தில் கோடை மழை கொட்டித் தீர்த்த இரவுக்கு மறுநாள் காலையில், ரோட்டில் உப்பிய உடம்பும் கூரான வெளிர் மூக்குமாகச் சில தவளைகள் வண்டியில் அடிபட்டுக் கிடந்தனவாம். "வருஷம் பூராவும் மண்ணைக் கொத்துகிறோம். மற்ற நாளில் இது எங்கே போகிறது?" என்று கேட்கிறார்.

நீங்கள் பார்த்தது ஊதாத் தவளை. மலையாளிகள் பாதாளத் தவளை என்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மேலே வருவதால் மகாபலித் தவளை என்ற பெயரும் உண்டு. மற்ற நாளெல்லாம் அது உங்கள் காலடியில்தான் இருக்கிறது. மண்வெட்டி போகும் ஆழத்தில் இல்லை, அவ்வளவுதான். ஒரு மீட்டருக்குக் கீழே, சில இடங்களில் மூன்று மீட்டருக்கும் கீழே.

உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கட்டப்பனையில் கிடைத்த தவளையை வைத்துத்தான் ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த பிராங்கி போசுய்ட்டும் 2003 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். புதிய இனம் மட்டுமல்ல, புதிய குடும்பமே என்றார்கள். அடுத்த ஆண்டே, பாலக்காட்டை ஒட்டிய ஆனைமலையிலும் இது இருப்பதாக வேறொரு குழு எழுதியது. இந்தக் குடும்பத்துக்கு வெளியே இதன் நெருங்கிய உறவுக்காரத் தவளைகள் இந்தியாவில் எங்கும் இல்லை. கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்தத் தீவுகளும் நம் நிலமும் ஒட்டியிருந்தன. அங்குள்ள உறவுகளில் ஒன்று ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உதிர்ந்த இலைகளுக்கு அடியில் வாழும் அதன் முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வருவதில்லை, குட்டித் தவளையே நேராக வருகிறது. ஒரே மூதாதையின் வழியில் வந்தவற்றில் ஒன்று தண்ணீரையே விட்டுவிட்டது. இன்னொன்று நம் மலையில் பாதாளத்துக்குப் போயிற்று.

மண்ணுக்குள் வாழ்வதென்றால் உடம்பு மாறியே ஆக வேண்டும். பின்னங்காலைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்காலின் ஓரத்தில் கெட்டியான ஒரு புடைப்பு இருக்கும், விளிம்பு கூராக. அதுதான் இதன் மண்வெட்டி. பின்னங்கால்களால் மண்ணை மாறி மாறித் தள்ளிக்கொண்டு, பின்பக்கமாகவே கீழே இறங்கும். தாவுவதற்கான நீண்ட கால் இதற்கு வேண்டாம், அதனால் கால் குட்டை. இருட்டில் பெரிய கண்ணுக்கு வேலையில்லை, அதனால் கண் சிறிது. தலையும் உடம்பும் கழுத்தில்லாமல் ஒன்றாகிவிட்டன.

சாப்பாடு கரையான். நாம் அறிந்த தவளை வாயை அகலத் திறந்து நாக்கைச் சுழற்றி வீசும். கரையான் போகிற சின்ன வழிக்குள் அதற்கெல்லாம் இடம் ஏது? இதன் வாய் சிறிது, மூக்குக்கு அடியில் இருக்கிறது. கூரான மூக்கைக் கரையான் வழிக்குள் நுழைத்து நாக்கை நீட்டிக் கரையானை எடுத்துக்கொள்கிறது. இதற்கு நெருங்கிய சொந்தம் எதுவும் இல்லாத மெக்சிகோ நாட்டுத் தவளை ஒன்றும் மண்ணுக்குள் கரையான் தின்கிறது. அதற்கும் உருண்ட உடம்பு, கூரான முகம், குட்டைக் கால், நாக்கை முன்னால் நீட்டும் பழக்கம். அதே தீனியை அதே இருட்டில் தேடியதால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. பரிணாமத்தைப் படிப்பவர்களுக்கு இது பழகிய செய்தி.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதன் தலைப்பிரட்டை. 2003-க்கு 85 ஆண்டுகளுக்கு முன்பே, 1918-ல், அதை விலங்கியலாளர்கள் விவரித்து எழுதிவிட்டார்கள். தாய் யார் என்று தெரியாமலே குட்டியின் உருவம் மட்டும் புத்தகத்தில் இருந்தது.

தலைப்பிரட்டை என்றால் தேங்கிய நீரில் வாலாட்டும் கறுப்புப் புள்ளி என்றுதான் நினைப்போம். இது மலையோடையில், வெள்ளம் இரைந்து விழுகிற பாறையில் இருக்கும். தட்டையான உடம்பு, சதைப்பிடிப்பான வால், அடிப்பக்கத்தில் அகன்ற வாய். உதடுகள் வட்டமாக விரிந்து பாறையைக் கவ்வும். எங்கள் வீட்டில் வெந்நீரில் கழுவிய டம்ளரை ஈரமான கடப்பைக் கல் மேடையில் கவிழ்த்தால் ஒட்டிக்கொள்ளும். மேலே இழுத்தால் வராது, பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகரும். இதன் வாயும் அப்படித்தான்: வெள்ளம் பிய்த்தெடுக்க முடியாது, ஆனால் தானாக நகர முடியும். நகரும்போதே உதட்டின் உட்புறத்தில் வரிசையாக உள்ள நுண்பற்களால் பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும். கை, கால், வாய் மூன்றின் வேலையையும் ஓர் உதடு செய்கிறது. செங்குத்துப் பாறையில்கூட, மேலே வழியும் நீர்ப்படலத்தில் ஏறிப் போகும்.

மூன்று நான்கு மாதம் இப்படி. பிறகு கால் முளைக்கிறது, வால் சுருங்குகிறது, உறிஞ்சும் உதடு மறைந்துபோகிறது, பாசியைச் செரிக்க நீண்டு சுருண்டிருந்த குடல் குறுகுகிறது. மண்ணுக்குள் போய்க் கரையான் தின்னத் தொடங்குகிறது. ஓர் உயிருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு உடல்கள், இரண்டு தீனிகள். இரண்டும் பல கோடி ஆண்டுகளாகத் தனித்தனியே செதுக்கப்பட்டவை.

இந்த இரண்டையும் இணைப்பது வாசகர் பார்த்த அந்த மழை இரவு. மழைக்கு முன்பே ஆண்கள் மண்ணுக்குள்ளிருந்து கூப்பிடத் தொடங்கிவிடும். பிறகு ஆணும் பெண்ணும் மேலே வரும். ஆண் மிகச் சிறிது. பெண்ணைக் கட்டிப்பிடிக்கக் கை எட்டாமல் இடுப்புப் பக்கம் தொற்றிக்கொள்ளும். அதைச் சுமந்தபடி பெண் ஓடைக்கு நடக்கிறாள், பாறைக் குழிகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறாள், மறுபடி மண்ணுக்குள் இறங்கிவிடுகிறாள். ஆண்டு முழுதும் பத்திரமாக இருந்த உயிர், வெளியே வரும் அந்தச் சில மணி நேரத்தில் டயருக்குப் பலியாகிறது. வயிறு நிறைய முட்டையோடு.

இடுக்கியில் சில பழங்குடியினர் இந்தத் தலைப்பிரட்டையைப் பிடித்துச் சமைப்பது உண்டு. அது எண்ணிக்கையைக் குறைக்கிறது என்று பிஜுவின் குழுவே 2015-ல் எழுதியது. அதை மறுக்கவில்லை. ஆனால் ஓடைக்குக் குறுக்கே தடுப்பணை கட்டும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். ஓடிய நீர் நிற்கிறது, பாறை மேல் வண்டல் படிகிறது, சுரண்டித் தின்ன அங்கே எதுவும் இல்லை. கவ்வுவதற்குப் பாறையும் இல்லை. பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் பிடித்துத் தின்ற குடும்பத்தைக் குற்றவாளியாக்கி, ஓடையையே மூடிய திட்டத்துக்குத் திறப்பு விழா நடத்துவது நியாயமாகப் படவில்லை. காடு என்றால் மரம் என்று நினைத்துக் கணக்கெடுக்கிறோம். நனைந்த வெறும் பாறையை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை. தோட்டத்தில் கரையானுக்குக் கணக்கில்லாமல் மருந்து ஊற்றுவதும் எனக்குக் கவலையாக இருக்கிறது, அதுதான் இந்தத் தவளையின் முக்கியச் சோறு.

தமிழ்நாட்டுப் பக்கத்திலும் இந்தக் குடும்பம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தை ஒட்டிக் கிடைத்த இன்னோர் இனத்தை 2017-ல் விவரித்தார்கள். ஊர்வன ஆய்வாளர் எஸ்.பூபதி 2014-ல் களப்பணியின்போது இறந்துபோனார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். உருவம் ஏறக்குறைய அதேதான். ஆனால் மலையின் கிழக்குச் சரிவில் மழை வடகிழக்குப் பருவத்தில்தான் வரும். அதனால் இடுக்கித் தவளை கோடை மழையில் மேலே வர, இது அந்தப் பருவ மழைக்குக் காத்திருக்கிறது. கல்வெர்ட்டு போடவும் ஓடை தூர்வாரவும் நாள் குறிப்பவர்கள் மலையின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதத்தைக் குறிக்கக் கூடாது.